வலது கீழ் மூலை

முதலில் கட்டத்தைத்தான் போட்டேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். அப்படித்தான் நடந்தது, நடந்திருக்க வேண்டும். கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் இந்த மரபெஞ்சில் உட்கார்ந்து முக்கால் மணி நேரமாகிறது. பத்தரைக்கு வரச் சொன்ன நோட்டீசு சட்டைப் பையில் இருக்கிறது, அதற்குப் பின்னால் பேருந்துச் சீட்டு, அதற்கும் பின்னால் அந்தப் புகைப்படம். மூன்றும் இருக்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். தொட்டதை யாராவது பார்த்தார்களா என்று பிறகு சுற்றிலும் பார்க்கிறேன். நோட்டீசில் ஒரு வரி மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. ‘தங்கள் வசமுள்ள ஆவணங்களுடன் நேரில் ஆஜராகவும்.’ ஓய்வு பெற்றுப் பதினாறு வருடமான எழுபத்து நாலு வயதுக் கிழவன் வசம் என்ன ஆவணம் இருக்கும்? சும்மா எல்லாருக்கும் அடிக்கும் வாசகம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முப்பத்தாறு வருடம் வட்டார வளர்ச்சி அலுவலகங்களில் நானே இந்த மாதிரிக் கடிதங்களுக்கு வரைவு எழுதியவன். காரணமில்லாமல் அந்த வரியைச் சேர்க்க மாட்டோம். யாரோ சொல்லியிருக்கிறார்கள், அந்த ஆளிடம் ஒன்று இருக்கிறது என்று. அது யார்? படம் எடுத்தது தேவசகாயம், அப்போது என்னோடு ஒரே அலுவலகத்தில் இருந்தவன். காலையில் அவனுக்குப் போன் செய்தேன். “யோவ் கோதண்டம், நான் எதுக்கய்யா உன் பேரைச் சொல்லப் போறேன்? நான் முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு படுத்துக் கெடக்கேன். உன் வில்லங்கத்துல என்னை இழுத்து விட்டுறாதே” என்றான். வில்லங்கம் என்று நான் சொல்லவே இல்லையே. சுனைமேட்டு வரைபடம் விஷயமாக ஒரு விசாரணை என்றுதான் சொன்னேன். அவனாக எப்படி அந்தச் சொல்லுக்குப் போனான்?

சந்தேகம் எனக்குப் பிறவியில் வந்ததில்லை, வேலை கொடுத்தது. பள்ளி இறுதி முடித்து இருபத்தொரு வயதில் கிராம சேவகராகச் சேர்ந்தபோது யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவேன். புகையில்லா அடுப்பு நாற்பது வீட்டில் எரிகிறது என்றால் நாற்பது என்று எழுதிக்கொள்வேன். ஒரு வருடம் கறவை மாட்டுத் திட்டத்தில் மூன்று ஊரில் பயனாளிகளைப் பார்க்கப் போனோம். மூன்றாவது ஊரில் மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அது என்னைப் பார்த்த பார்வையில் பழக்கம் தெரிந்தது. இடது காது நுனி கிழிந்திருந்தது. காலையில் முதல் ஊரில் தடவிக்கொடுத்த அதே மாடு! குறுக்கு வழியாக எங்களுக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அன்றைக்கு மாடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதும் எல்லாரும் சிரித்ததும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நான் மாட்டின் முகத்தைப் பார்ப்பதில்லை, காதைத்தான் பார்ப்பேன். மனிதர்களையும் அப்படித்தான். என் மனைவி சௌந்தரம் சொல்வாள், “நீங்க என்கிட்ட பேசும்போதுகூட ஏதோ தணிக்கைக்கு வந்த மாதிரி பாக்கிறீங்க.” அவள் போய் ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது வீட்டில் பார்ப்பதற்கு என் முகம் மட்டும்தான், முகம் வழிக்கும் கண்ணாடியில். பெஞ்சின் அந்த முனையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். அறுபது வயதுக்குக் குறையாது, கைகள் மட்டும் இன்னும் முறுக்காக இருக்கின்றன. நான் வந்தபோது நகர்ந்து இடம் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள்? மடியில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்க்கிறாள். பார்க்காமல் இருப்பதற்கு அவள் எடுத்துக்கொள்கிற முயற்சி எனக்குத் தெரிகிறது.

வழக்கு சிக்கலானதில்லை. சுனைமேட்டில் ஊருக்குத் தென்கிழக்கே கல்லுடைக்க வந்தவர்கள் போட்ட பதினாலு வீடு இருக்கிறது. அந்த நிலத்தை ஒரு சூரிய மின்சாரக் கம்பெனிக்குக் கொடுக்க ஊராட்சி விரும்புகிறது. அது நேற்று முளைத்த ஆக்கிரமிப்பு, காலி செய்ய வேண்டும் என்கிறது ஊராட்சி. நாங்கள் முப்பது வருடத்துக்கு மேலே இருக்கிறோம், பட்டா கொடுங்கள் என்கிறார்கள் அவர்கள். கல்லுடைக்கிறவர்களிடம் என்ன காகிதம் இருக்கும்? அப்போது ரேஷன் அட்டைகூடக் கிடையாது. ஊராட்சியிடம் ஒரு காகிதம் இருக்கிறது. தொண்ணூற்று ஏழில் ஊர் மக்களே கூடி வரைந்த கிராம வரைபடம், மக்கள் பங்கேற்புத் திட்டத்தில் அரசு அலுவலர் ஒருவர் கையெழுத்துப் போட்டு ஏற்றது. அதில் சுனைமேட்டின் நூற்று எண்பத்தாறு வீடும் இருக்கின்றன. கிணறு, புளியமரம், தெருவிளக்குக் கம்பம் எல்லாம் இருக்கின்றன. தென்கிழக்கு மூலையில் வீடுகள் இல்லை. அங்கே ஒரு கட்டம், அதற்குள் சிவப்பு முக்கோணம் என்றால் கோயில், நீல வட்டம் என்றால் கிணறு என்று குறிப்பு. அந்த அலுவலர் நான். இடம் போதாமல் போய்விட்டது, அவ்வளவுதான். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி குறிப்புக் கட்டத்தை முதலில் வலது கீழ் மூலையில் போட்டுவிட்டேன், பிறகு மேற்கிலிருந்து தெருத் தெருவாக ஏற்றிக்கொண்டே வந்தபோது அந்த மூலைக்கு இடமில்லை. யாருக்கும் நடக்கக்கூடிய தவறு. இதை இன்றைக்கு வாயால் சொல்லிவிட்டால் போதுமா? போதாது, எனக்குத் தெரியும். எதிர்த்தரப்பு கேட்கும், வீடு இருந்ததற்கு என்ன அத்தாட்சி, இவருக்கு வயதாகிவிட்டது, யாரோ சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார் என்று. அத்தாட்சி என் சட்டைப் பையில் இருக்கிறது. படத்தில் பதினாலு வீடும் பதினாலு புளியங்கொட்டைகளாக மண்மேல் இருக்கின்றன. எண்ணலாம், அத்தனை தெளிவு.

அப்போது நான் அந்தத் திட்டத்துக்கான மூன்று நாள் பயிற்சியிலிருந்து புதுசாக வந்திருந்த நேரம். கோலை நீ பிடிக்காதே, ஊர்க்காரர் கையில் கொடு, அவர்கள் தங்கள் ஊரைத் தரையில் வரையட்டும், நீ பார்த்து எழுதிக்கொள் என்றார்கள். அது என்னைப் பிடித்துக்கொண்டது. இருபத்தைந்து வருடமாக ஊர்களுக்கு நான் எதையாவது சொல்லிக்கொண்டே இருந்தவன், முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூட மைதானத்தில் கோலப்பொடியால் தெரு, செங்கல் தூளால் வண்டிப்பாதை, கரித்துண்டால் கிணறு, வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. பெண்கள் சண்டை போட்டுக்கொண்டு வைத்தார்கள். “ஏ, எங்க வீட்டைத் தூக்கி சாக்கடையில வெச்சிருக்கா பாரு!” “இருக்கிற இடத்துலதானடி வெச்சிருக்கேன்!” சிரிப்பு. ஓரமாக இடுப்பில் கூடையோடு ஒரு பெண் நின்றாள். தேவசகாயம்தான் கூப்பிட்டான், “நீயும் வாம்மா, உங்க வீடு எங்கே, வை.” அவள் யாரையும் பார்க்காமல் வந்து தென்கிழக்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்காரர் பெயரை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பதினாலு கொட்டை வைத்தாள். அந்த நேரம் சுற்றிலும் பேச்சு நின்றது. யாரோ ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். நான் பக்கத்தில் பெஞ்சுமேல் சார்ட்டை விரித்து ஸ்கேல் வைத்துத் தெருக்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். தேவசகாயம் கேமராவை எடுத்து, சாப்பாட்டுக்குப் போகுமுன் ஒரு படம் என்று எல்லாரையும் கிழக்கே தள்ளி நிற்கச் சொன்னான். அப்போது எடுத்ததுதான். வலப்பக்கம் அந்தப் பெண், நடுவில் ஊர், இடப்பக்கம் நான், என் முன்னால் பாதிக்குமேல் முடிந்த சார்ட். பிறகு தலைவர் முத்திருளப்பன் வீட்டில் சாப்பாடு.

சாப்பாட்டில் எதுவுமில்லை. கோழிக் குழம்பு, இரண்டு பொரியல். ஊர் வேலைக்குப் போனால் தலைவர் வீட்டில் சாப்பிடாதே என்றும் பயிற்சியில் சொன்னார்கள். ஆனால் மணி ஒன்றரை, வேறு எங்கே சாப்பிடுவது? தலைவர் பரிமாறிக்கொண்டே மெதுவாகச் சொன்னார், “சார், அந்தக் கல்லொடைக்கிற ஆளுக இன்னிக்கு இருப்பாக, நாளைக்கு வேற மலைக்குப் போயிருவாக. நம்ம ஊரே கெடையாது. படத்துல ஏத்திட்டீகன்னா பொறவு கொழாய் கேப்பாக, லைட்டு கேப்பாக. நான் ஒண்ணும் சொல்லலை. நீங்க படிச்சவுக, பாத்துச் செய்யுங்க.” நான் ரசம் கேட்டேன். ஆமாம், ரசம்தான் கேட்டேன், அது நன்றாக நினைவிருக்கிறது. மிளகு தூக்கலாக இருந்தது. சரி என்று நான் சொல்லவே இல்லை. இருபத்தேழு வருடமாக அந்த இலை முன்னால் உட்கார்ந்து என் வாய் அசைகிறதா என்று பார்க்கிறேன். ரசத்துக்குத்தான் அசைகிறது. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஒரு வாய் தண்ணீர்கூட நான் வாங்கிக் குடித்ததில்லை. சொந்த பாட்டில் கொண்டுபோவேன். ‘கோதண்டம் சார் கை நனைக்க மாட்டார்’ என்று எனக்குப் பெயர். ஓய்வு பெற்ற அன்று அதைத்தான் எல்லாரும் மேடையில் பேசினார்கள், சௌந்தரம் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். எதற்குக் குனிந்தாள் என்று அப்போது சந்தேகம் வந்தது. கேட்கவில்லை.

“சார் நல்லாருக்கீகளா?” வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் என் முன்னால் நிற்கிறான். எந்தப் பக்கம் பார்த்தாலும் தெரிகிற அதே மூக்கு. முத்திருளப்பன் மகன், இப்போதைய தலைவர். “அப்பா சாகுற வரைக்கும் உங்களைச் சொல்லிட்டே இருந்தாரு சார். எத்தனை ஆபீசர் வந்தாங்க, கோதண்டம் சார் மாதிரி மரியாதை தெரிஞ்ச மனுசன் இல்லைன்னு. எங்கம்மா வெச்ச கோழிக் கொழம்பை நீங்க மறந்திருக்க மாட்டீக.” சிரிக்கிறான். “டீ சொல்லட்டுமா?” வேண்டாம் என்கிறேன். “ஒண்ணும் பெரிசா இல்லை சார். இந்தப் படம் நான் வரைஞ்சதுதான், சரியாத்தான் வரைஞ்சேன்னு ஒரு வார்த்தை. அது உண்மைதானே? பிரைஸ் வாங்கின படம். தப்புன்னு சொன்னா உங்களுக்குத்தான் சிறுமை.” குரலில் மிரட்டல் இல்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தோளைத் தொட்டுவிட்டுப் போகிறான். சட்டைப் பை இருக்கிற பக்கத்துத் தோள். துழாவினானோ? தொட்டுப் பார்க்கிறேன். நோட்டீசு, சீட்டு, படம். இருக்கிறது. அவன் சொன்னதில் ஒன்று சரி. அது பரிசு வாங்கிய படம். மாவட்டத்திலேயே சிறந்த கிராம வரைபடம் என்று கண்ணாடி போட்டு மாட்டினார்கள். அதற்கப்புறம் என்னைப் பயிற்சியாளராகப் போட்டார்கள். நாலு வருடத்தில் இருநூறு அலுவலர்களுக்காவது அந்தப் படத்தைக் காட்டி நான் சொல்லிக்கொடுத்திருப்பேன். குறிப்புக் கட்டத்தை முதலில் போட்டுவிடுங்கள், வலது கீழ் மூலையில், அப்போதுதான் வரைபடம் ஒழுங்காக வரும். அவர்களும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இங்கேதான் ஒவ்வொரு தடவையும் தடுக்கிறது, இதைத் தாண்டி ஓடிவிடுவேன். இன்றைக்கு இந்த பெஞ்சில் ஓட இடமில்லை. என் பயிற்சியில் யாரும் கட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை. முதலில் போடு என்றோ மூலையில் போடு என்றோ எந்தப் பயிற்சியிலும் கிடையாது. அந்த விதி என்னுடையது. சுனைமேட்டிலிருந்து திரும்பிய பிறகு நான் கண்டுபிடித்த விதி. இருநூறு பேரும் என் பேச்சை நம்பி முதலில் கட்டத்தைப் போட்டிருப்பார்கள். எத்தனை ஊரில் எந்தெந்த வீடுகள் அந்தக் கட்டத்துக்கு அடியில் போயினவோ.

சௌந்தரம் ஒரு நாள் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு பயிற்சிக்காகச் சத்தம் போட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், கட்டத்தை முதலில் போடுங்கள் என்று. “இந்தப் படத்துல உங்க சார்ட்டு மூலை வெறுமையா இருக்கே” என்றாள். சும்மாதான் கேட்டாள். இன்னும் முடிக்கவில்லை அப்போது என்றேன். “கட்டத்தைத்தான் முதல்ல போடணும்னீங்களே?” அவ்வளவுதான். நான் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் ஆல்பத்தை மூடினாள். மறுபடி ஒரு நாள் ஆல்பத்தைத் திறந்தபோது அந்தப் பக்கத்தில் நாலு மூலையும் பசை காய்ந்த இடமும்தான் இருந்தன. அவளைக் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்வாளே என்ற பயம். அவள் போன பிறகு புடவைப் பெட்டியை ஒழித்தபோது அடியில் விரித்த பழைய நாளிதழுக்குக் கீழே கிடைத்தது. ஒளித்து வைத்தாள். என்னைக் காப்பாற்றவா? இல்லை, நான் கிழித்துப்போட்டுவிடுவேன் என்று என்னிடமிருந்து படத்தைக் காப்பாற்றவா? இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளாமலே ஒன்பது வருடம் அவளுக்குத் திதி கொடுத்து வருகிறேன். இன்று காலை கிளம்பும்போது அவள் தையல் கத்தரிக்கோலை எடுத்தேன். இடப்பக்கம் இரண்டு விரல் அகலம் வெட்டினால் போதும், நானும் சார்ட்டும் போய்விடுவோம். புளியங்கொட்டைகள் அப்படியே இருக்கும், பதினாலு வீடும் பிழைத்துக்கொள்ளும், என் வாக்குமூலம் என் வாய்க்குள்ளேயே இருக்கும். வெட்டவில்லை. ஆனால் கத்தரிக்கோலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். எதற்குப் போட்டுக்கொண்டேன்? வெட்டின படத்தை அவர்கள் நம்புவார்களா, ஒட்டுவேலை என்பார்களா? விசாரிக்கிறவர் நாற்காலியில் நான் இருந்தால் முதலில் படத்தின் ஓரத்தைத்தான் பார்ப்பேன், மாட்டுக் காதைப் பார்த்த மாதிரி. ஓரம் நேராக இல்லாவிட்டால் அத்தோடு போயிற்று அந்தப் பதினாலு வீடு. நேராகவே வெட்டினாலும் போகலாம். கையைத் துணிப்பைக்குள் விட்டு கத்தரிக்கோலின் வளையத்துக்குள் விரலை நுழைக்கிறேன். கழிவறை வராந்தாக் கோடியில் இருக்கிறது. எழுந்து போய்வர இரண்டு நிமிடம்.

“சார்.” அந்த அம்மாள்தான். சுவரைப் பார்த்தபடியே பேசுகிறாள். “வாய் வறண்டு போச்சு போல. தண்ணி குடிக்கிறீங்களா?” வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், உண்மையாகவே வறண்டுதான் இருக்கிறது. “நான் ஓபுளம்மா” என்கிறாள். அந்தப் பெயரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு யாரும் கேட்டு எழுதவில்லை. “கொட்டை வெச்சனே, நான்தான்.” இப்போதுதான் திரும்பிப் பார்க்கிறாள். கண்ணில் கோபத்தைத் தேடுகிறேன், ஏதாவது தந்திரத்தைத் தேடுகிறேன். பழகிப்போயிற்று. “என் பேரை யாரும்மா இங்கே சொன்னது?” என்று கேட்கிறேன். “நான்தான் சொன்னேன். அந்தக் கண்ணாடி போட்ட சார் போட்டோ புடிச்சாரே, அது உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருக்கும்னேன். அவரு அட்ரஸ் கிடைக்கலை, உங்களுது கிடைச்சுது.” தேவசகாயம் இல்லை. பாவம், முழங்காலோடு படுத்திருக்கிறான். “நான் வருவேன்னு எப்படி நம்பினே? படத்துல உங்க வீட்டை விட்டவனே நான்தானே.” அவள் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே யோசிக்கிறாள். “நீங்க சாப்பிட்டுட்டு வந்தப்ப நான் அங்கனயே நின்னுக்கிட்டிருந்தேன் சார். எங்க வீடு ஏறுறதைப் பாத்துட்டுப் போலாம்னு. நீங்க அந்தக் கட்டத்தைப் போட்டீங்க. எனக்கு எழுத்துத் தெரியாது, கோடு தெரியும். ஊரு பூரா ஸ்கேல் வெச்சுத்தான் போட்டீங்க. அந்தக் கட்டத்தை மட்டும் வெறுங்கையில போட்டீங்க. கோணிப்போச்சு. நிமுந்து நான் நிக்கிறதைப் பாத்துட்டு, நோட்டை எடுத்து அதுமேல வெச்சு மறைச்சீங்க.” மூடியைத் திறந்து பாட்டிலை என் பக்கம் நகர்த்துகிறாள். “தப்புன்னு தெரியாதவன் எதுக்கு சார் மறைக்கப்போறான்? அதான் சொன்னேன், இவரைக் கூப்பிடுங்க, இவருக்குத் தெரியும்னு.”

நோட்டை மறந்தே போயிருந்தேன். அவள் அங்கே நின்றதையும். இருபத்தேழு வருடமாக அந்தக் கட்டம் எனக்குள் நேர்க்கோட்டில்தான் இருந்தது, பரிசு வாங்கின படத்தில் கோணல் இருக்குமா என்று. “ப. கோதண்டம், விரிவாக்க அலுவலர் ஓய்வு” என்று உள்ளேயிருந்து கூப்பிடுகிறார்கள். கத்தரிக்கோல் வளையத்திலிருந்து விரல் வர மறுக்கிறது, உருவி எடுத்ததில் தோல் சிவந்துவிட்டது. ஓபுளம்மாவின் பாட்டிலை வாங்கி அண்ணாந்து குடிக்கிறேன். தண்ணீர் வெதுவெதுப்பாக, பிளாஸ்டிக் வாசனையோடு இருக்கிறது. சட்டையில் சிந்துகிறது, பை நனையாமல் கையால் மூடிக்கொள்கிறேன். உள்ளே கோட்டாட்சியர், எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் இந்த வயதிருக்கும், வளையல் போடாத கை. ஒரு பக்கம் முத்திருளப்பன் மகன், இன்னும் சிரிக்கிறான். மேசைமேல் கண்ணாடிச் சட்டத்தோடு என் வரைபடம். மூலையைப் பார்க்கிறேன். கோணல்தான். ஓர் அரை அங்குலம் இறங்கியிருக்கிறது, பார்த்தவுடனே தெரிகிறது. இத்தனை வருடம் யாரும் கேட்கவில்லை. “உக்காருங்க ஐயா. ஏதாவது கொண்டுவந்திருக்கீங்களா?” சட்டைப் பையிலிருந்து எடுக்கிறேன். முதலில் நோட்டீசு வருகிறது, பிறகு சீட்டு, பிறகு படம். முழுப் படம். அவர் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார், உதடு அசைகிறது, ஒன்று, இரண்டு என்று. பதினாலில் நிற்கிறது. பிறகு ஓரத்தைப் பார்க்கிறார், நான் நினைத்த மாதிரியே. ஓரம் சரியாக இருக்கிறது. “இது எப்ப எடுத்தது?” “சாப்பாட்டுக்கு முன்னால அம்மா.” “எந்தச் சாப்பாடு?” முத்திருளப்பன் மகன் சிரிப்பை நிறுத்தியது பார்க்காமலே தெரிகிறது. “அன்னிக்கு மதியம், ஊராட்சித் தலைவர் வீட்டில்.” அவர் படத்தையும் வரைபடத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். விரல் என் சார்ட்டின் வெறும் மூலையில் வந்து நின்று, அங்கிருந்து கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிற கட்டத்துக்குப் போகிறது. “இதுல இந்தக் கட்டமே இல்லையே. இதை எப்ப போட்டீங்க?” கதவு திறந்துதான் இருக்கிறது, வராந்தாவில் அவள் எழுந்து நிற்பது தெரிகிறது. தண்ணீர் குடித்தும் தொண்டையில் அந்த மிளகு இன்னும் இருக்கிறது.

“சாப்பிட்ட பிறகு” என்கிறேன்.